உவர்மண்ணில் வெளுத்த புடவை

வெள்ளேரியில் ஏரி கிடையாது. பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது ஏரி எங்கே என்றுதான். நான் கண்டக்டராக இருந்த காலத்தில் அந்த நிறுத்தத்தில் எத்தனையோ பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். பிறகு ஒருநாள் நானே அங்கே இறங்கினேன். பதினோரு வருஷம் திரும்பி ஏறவில்லை.

ஏரி இருந்த பள்ளம் மட்டும் இருக்கிறது. பள்ளத்தைச் சுற்றி வட்டமாக ஏழு படிகள். ஒவ்வொரு படியும் ஒரு வயல் அகலம் இருக்கும். யாரும் வெட்டியதல்ல. ஏரி வற்றியபோது ஒரேயடியாக வற்றவில்லை. ஒரு மட்டத்தில் நெடுங்காலம் நின்று அலையடித்து, பிறகு இறங்கி, இன்னொரு மட்டத்தில் நின்று, அப்படி விட்டுப்போன பழைய கரைகள் அவை.

மேற்கே தெரிகிற மொட்டை மலை ஒரு காலத்தில் நெருப்பைக் கக்கியதாம். அந்தச் சாம்பல் ஏரியில் விழுந்து படிந்ததுதான் அங்கே மண். மாவுபோல இருக்கும். கோடையில் கணுக்கால் வரை புதையும். ஒரு தூறல் போட்டால் சோப்புத் தேய்த்த தரைபோல வழுக்கும். தூறல் காய்ந்த மறுநாள் காலை நிலம் முழுக்க உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடக்கும். எங்கெங்கிருந்தோ ஆடுகள் வந்து அதை நக்கும். விறைத்த குட்டைப் புல் ஒன்றைத் தவிர அங்கே எதுவும் மனசு வைத்து வளராது.

இரண்டாம் படியில் மாசிலாமணி ஐயாவின் மடம் இருந்தது. மடம் என்றால் நாலு கூரைக் கொட்டகை. ஐயா சலவைக்காரர் வீட்டில் பிறந்தவர். துணி வெளுக்க உவர்மண் அள்ள வந்தவர், அந்த இடம் பிடித்துப்போய்த் தங்கிவிட்டார். ஆட்டுக்காரர்கள் வந்து பேசிவிட்டுப் போனார்கள். பிறகு எங்களைப் போன்ற ஆட்கள் வந்து உட்கார்ந்துகொண்டோம். அப்படித்தான் அது மடமாயிற்று.

தொழிலை மட்டும் அவர் விடவில்லை. எங்கள் எல்லோருடைய துணியையும் அவரே வெளுப்பார். குரு துணி துவைக்க, சீடர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற மடம் வேறெங்கும் இருந்திருக்காது. ஒருமுறை வெட்கப்பட்டு என் வேட்டியை நானே துவைத்தேன். ஐயா அதை வாங்கிப் பார்த்தார். "தாண்டவா, அழுக்கு அப்படியே இருக்குது. தண்ணிக்குத்தான் அழுக்காயிருச்சோன்னு சந்தேகம்" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

அமாவாசைக்கு அமாவாசை வெளுப்பு. அன்று காலையில் அவரவர் துணியை மூட்டையாகக் கட்டி, கொட்டகை வாசலில் அடித்திருக்கும் முளையில் மாட்டிவிட வேண்டும். முளையில் தொங்குகிற மூட்டையை யாரும் பிரிக்க மாட்டார்கள். யாருடையது என்றும் கேட்க மாட்டார்கள். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுபோய் ஐயா துணி ஊறவைக்கிற தாழியடியில் வைப்பது என் வேலை. சமையலும் என் வேலைதான்.

புதிதாக வருகிறவர்களின் துணிக்கு ஐயா குறி போடுவார். சேங்கொட்டையில் ஊசியைக் குத்தி, அந்தக் கறுப்புச் சாற்றால் துணியின் மூலையில் சின்னதாக ஒரு அடையாளம். எனக்கு இரண்டு புள்ளி. டிக்கெட்டில் ஓட்டை போட்டே பழகியவனுக்கு அதுதான் பொருத்தம் என்றார்.

அங்கேதான் பஞ்சநதம் வந்து சேர்ந்தார்.

காவிரிக்கரைக்காரர். நாலு வேலி நஞ்சை வைத்திருந்தவர். வயது ஐம்பத்தெட்டு, ஐயாவைவிட ஆறு வயது மூத்தவர். ஒரு தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு படியிறங்கி வந்தார். பெயரைக் கேட்டதும் ஐயா சிரித்துவிட்டார். "அஞ்சு ஆத்தையும் பேருல வச்சுக்கிட்டு இங்கயா வந்தீங்க" என்று கேட்டார். அன்றிலிருந்து அவர் எங்களுக்கெல்லாம் ஐயாறண்ணன். ஐயாவும் அப்படியே கூப்பிட்டார்.

வந்த மாசமே ஐயாறண்ணன் கொட்டகைக்குப் பின்னால் பாத்தி கட்டினார். விவசாயியின் கை சும்மா இருக்காது. கீரை விதைத்தார். மேட்டு ஊற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றினார். ஊற்ற ஊற்ற உப்பு மேலே வந்தது. பத்தாம் நாள் பாத்தி வெள்ளைவெளேர் என்று இருந்தது. முளைத்த நாலு கீரையும் நுனி கருகி நின்றன.

"களர்" என்றார். அவர்கள் ஊரில் அது வசவு. உருப்படாத பிள்ளையைத் திட்டவும் அந்தச் சொல்தான். "செத்த மண்ணு ஐயா இது. இதுல எப்படி இருக்கீங்க?"

ஐயா ஆடுகள் நக்குகிற பக்கம் பார்த்தார். "அதுங்க பதினெட்டு மைல் நடந்து வருது. செத்ததைத் தேடியா வருது?" என்று மட்டும் கேட்டார்.

அந்தத் தகரப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது மூன்றாம் மாசம்தான் எனக்குத் தெரிந்தது. அடுப்படியில் உட்கார்ந்து புளி கரைத்துக்கொண்டே அவராகச் சொன்னார். அவர் மனைவி தையல்நாயகி இறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. சந்தன நிறத்தில் ஒரு நூல் புடவை, மாந்தளிர்க் கரை. கடைசி நாளன்று அந்த அம்மாள் அதைத்தான் உடுத்தியிருந்தார். கொடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனவர் கிணற்றடியிலேயே விழுந்துவிட்டார். இறந்தவர் உடுத்திய துணி சலவைக்காரருக்குப் போக வேண்டும் என்பது வழக்கம். மற்ற நூல் புடவைகளை எல்லாம் கொடுத்துவிட்டார். இதைக் கொடுக்கவில்லை. அதில் தையல்நாயகியின் வாசனை இருந்தது.

"மஞ்சளு, விபூதி, அடுப்புப் புகை. கொஞ்சம் வேர்வை. பெட்டியைத் தெறந்தா அவ வந்து நிப்பா" என்றார்.

அவருக்கு ஒரே மகள், சௌந்தரி. பட்டுப் புடவைகள் எல்லாம் அவளுக்குப் போயின. வளைகாப்பு வந்தபோது, பட்டு வேண்டாம், அம்மாவின் அந்த நூல் புடவையைக் கொடுங்கள், அதைத்தான் உடுத்துவேன் என்று சௌந்தரி கேட்டாள். உடுத்தினால் துவைக்க வேண்டும். துவைத்தால் வாசனை போய்விடும். அவர் முடியாது என்றார். அவள் அழுதாள். இவர் கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டார். வளைகாப்பு முடிந்த மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர்தான். பேரனா பேத்தியா என்றுகூடத் தெரியாது என்றார். சொல்லும்போது புளியைக் கரைத்துக்கொண்டே இருந்தார். சக்கை வெறும் நாராகிவிட்டது.

இன்னொரு சங்கதியும் அன்று சொன்னார். பெண் பார்க்கப் போனபோது வெட்கத்தில் இவர் தலையைத் தூக்கவே இல்லையாம். கல்யாணமான பிறகு தையல்நாயகி அதை வைத்து ஓட்டிக்கொண்டே இருந்தாராம். "அன்னைக்கு நான் என்ன புடவை கட்டியிருந்தேன், சொல்லுங்க பாப்போம்" என்பாராம். இவர் பச்சை என்பார், நீலம் என்பார். அந்த அம்மாள் சிரிப்பார். கடைசிவரை சொல்லவில்லை. முப்பத்திரண்டு வருஷம் வருஷாவருஷம் கேட்டுவிட்டு, பதில் சொல்லாமலே போய்விட்டார்.

இதைச் சொல்லிச் சிரித்தார் ஐயாறண்ணன். நான் அடுப்பை ஊதுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அடுத்த வருஷம் பங்குனியில் ஒருநாள் காலை அவர் ஐயாவிடம் போனார். ஐயா மூன்றாம் படியில் உவர்மண் சுரண்டிக்கொண்டிருந்தார். பனி ஈரம் காய்வதற்குள் சுரண்டிவிட வேண்டும். வெயில் ஏறினால் உப்பு தூளாகிக் காற்றோடு போய்விடும்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"வாசனை கொறைஞ்சுக்கிட்டே வருது. முன்னெல்லாம் பெட்டியைத் தெறந்தாலே போதும். இப்ப முகத்தைப் புதைச்சாத்தான் தெரியுது. போகாம நிறுத்தி வைக்க ஏதாச்சும் வழி இருக்கா?"

ஐயா சுரண்டியைக் கீழே வைத்தார். வாங்க என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நான் மண் கூடையோடு பின்னால் போனேன்.

நாலாம் படியில் நின்றார். "ஏரி இங்க நின்னுது" என்றார். ஐந்தாம் படியில் நின்றார். "அப்புறம் இங்க." ஆறாம் படியில் மண்ணைக் காலால் கிளறினார். கடுகு அளவு வெள்ளை நத்தைக் கூடுகள் மேலே வந்தன. "இங்கயும் ரொம்ப நாள் நின்னுருக்கு" என்றார். ஏழாம் படியும் இறங்கி, பள்ளத்தின் அடியில் வெடித்துக் கிடந்த வெள்ளைத் தரையில் போய் நின்றோம்.

"மோந்து பாருங்க. ஏரி வாசனை அடிக்குதா?"

ஐயாறண்ணன் மோந்து பார்த்தார். "இல்லீங்க."

"எனக்கும் அடிக்கலை" என்றார் ஐயா. வந்த வழியே ஏறிப்போய் மறுபடி சுரண்ட ஆரம்பித்துவிட்டார்.

அன்று முழுக்க ஐயாறண்ணனுக்குக் கடுப்பு. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஏற்றி இறக்கி முழங்கால் வலியை வாங்கிக் கொடுத்துவிட்டாரே என்று என்னிடம் வந்து புலம்பினார். எனக்கும் ஒன்றும் புரியவில்லை. குழம்பு நன்றாக இருக்கிறதா என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன்.

ஆடிக் காற்று வந்தது. வெள்ளேரியில் ஆடி என்றால் சாம்பல் பறக்கும். சோற்றில், கண்ணில், காதில் எல்லாம் மண். அமாவாசைக்கு முந்தின நாள் ஐயா வானத்தைப் பார்த்துவிட்டு, நாளைக்கு மழை பிடித்துக்கொள்ளும், வெளுப்பை இன்றைக்கே வைத்துவிடலாம், எல்லோரிடமும் சொல்லிவிடு என்றார். சொன்னேன். ஐயாறண்ணன் ஒருவரைத் தவிர எல்லோரிடமும் சொன்னேன். அவர் அப்போது கொட்டகையில் இல்லை. வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். பிறகு பருப்பு அடிப்பிடித்தது, மறந்துபோயிற்று.

அவர் அன்று பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார். இடுக்கு வழியாகச் சாம்பல் புகுந்து உள்ளே படிந்திருந்தது. புடவையை எடுத்து, மண் படாமல் ஒரு துண்டில் இறுக்கி மூட்டையாகக் கட்டி, கை எட்டிய இடத்தில், வாசல் முளையில் மாட்டிவிட்டு, பெட்டியைக் கழுவ ஊற்றுக்குப் போயிருக்கிறார்.

முளையில் மூட்டை தொங்கியது. நான் எடுத்துக்கொண்டுபோய்த் தாழியடியில் வைத்தேன்.

அவர் கழுவிய பெட்டியோடு திரும்பி வரும்போது மதியம் தாண்டிவிட்டது. கொடியில் வேட்டிகளுக்கும் துண்டுகளுக்கும் நடுவில் சந்தன நிறத்தில் அது ஆடிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்ததும் அவரைப் பார்த்ததும் ஒரே நேரம். கையிலிருந்த கரண்டி விழுந்துவிட்டது.

"யாரு எடுத்தது?" என்றார். சத்தமே இல்லை குரலில்.

"நான்தான் அண்ணே. வெளுப்பு இன்னைக்குன்னு உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கொடியருகே போய்ப் புடவையை இரண்டு கையாலும் வாரி முகத்தைப் புதைத்துக்கொண்டார். மூச்சை இழுத்தார். மறுபடி இழுத்தார். பிறகு அப்படியே சாம்பலில் உட்கார்ந்துவிட்டார்.

"போயிட்டா" என்றார்.

மனைவி செத்த அன்று அவர் அழவில்லை என்று என்னிடம் சொல்லியிருந்தார். அன்றைக்கு வெள்ளேரியில் அழுதார். பெரிய ஆகிருதி, உடம்பு குலுங்கி அழுதது. ஆடுகள் நக்குவதை நிறுத்திவிட்டுத் தலை தூக்கிப் பார்த்தன. அந்த நேரத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

அழுது முடித்ததும் எழுந்து நேராக ஐயாவிடம் போனார்.

"உங்க களர் மண்ணு என் பொண்டாட்டியைத் தின்னுடுச்சு" என்றார். "பொம்பளைப் புடவைன்னு உங்களுக்குமா தெரியலை?"

"கை வச்சப்பறம் தெரிஞ்சுது. அதுக்குள்ள நனைஞ்சுபோச்சு" என்றார் ஐயா. "உவர்த் தண்ணியில நனைஞ்சதைப் பாதியில எடுத்தா நூல் விட்டுரும். அதான் முழுசா அலசிட்டேன். வெள்ளாவியில வைக்கலை. அடிக்கலை. கையாலதான் கசக்கினேன். தப்பு நடந்துபோச்சு அண்ணே. மன்னிச்சுக்கங்க."

ஐயா அப்படி இறங்கிப் பேசுவார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

ஐயா எழுந்து போய்ப் புடவையைக் கொடியிலிருந்து எடுத்து வந்தார். உள்பக்கத் தலைப்பின் மூலையைத் தேடி விரலில் சுற்றிக்கொண்டு காட்டினார்.

"இது யார் வீட்டுக் குறி?"

மூன்று புள்ளியும் அடியில் ஒரு கோடும் கறுப்பாக இருந்தன. ஐயாறண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். தன் பழைய வேட்டி மூலையைத் திருப்பிப் பார்த்தார். அதிலும் அதே மூன்று புள்ளி, ஒரு கோடு.

"எங்க வீட்டுக் குறிதான். எங்க ஊரு சலவைக்காரர் அம்மாசி போடுறது."

"இது?"

மூன்று புள்ளிக்குப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, வளைந்த கோடு ஒன்று இருந்தது. மேலே ஒரே ஒரு புள்ளி. பிறை மாதிரி இருந்தது. இழை தேய்ந்துபோயிருந்தாலும் கறுப்பு அப்படியே இருந்தது.

"இது தெரியலையே. நான் பாத்ததே இல்லை."

"இதுதான் முந்தினது" என்றார் ஐயா. "இதுக்கு இடம் விட்டுத்தான் உங்க ஊர்க்காரர் தன் குறியைப் போட்டுருக்கார். இந்தப் புடவை மொதல்ல வேற ஊர்ல வெளுப்புக்குப் போயிருக்கு. அவங்க பொறந்த வீட்டுல. உங்களைக் கட்டிக்கிறதுக்கு முந்தியே உடுத்தினது இது."

ஐயாறண்ணன் அந்தப் பிறையின் மேல் விரலை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை.

"பொறந்த வீட்டுலேருந்து கொண்டுவந்தது ஒரே ஒரு நூல் புடவை. பாக்கி எல்லாம் நாங்க எடுத்துக்கொடுத்தது" என்றார் மெதுவாக. "ஐயா, இதுதானா அது? பொண்ணு பாக்கப் போன அன்னைக்கு அவ கட்டியிருந்தது?"

"அது எனக்குத் தெரியாது. குறி இவ்வளவுதான் சொல்லும்."

"சௌந்தரிக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார். எங்களிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "அவகிட்ட சொல்லியிருப்பா. அதனாலதான் பட்டு வேணாம், இதைக் குடுங்கன்னு நின்னா."

காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது. மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஐயாறண்ணன் புடவையை மடியில் வைத்துக்கொண்டு பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சாய்ந்த வெளிச்சத்தில் ஏழு படிகளும் ஏழு கோடுகளாகத் தனித்தனியாகத் தெரிந்தன.

"மோந்துக்கிட்டே இருந்தேனே தவிர, ஒருநாளும் மூலையைப் பிரிச்சுப் பாக்கலை" என்றார்.

ஐயா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏரி தளும்பிக் கெடந்தப்ப இந்தப் படி ஒண்ணும் ஒருத்தர் கண்ணுக்கும் தெரிஞ்சிருக்காது அண்ணே" என்றார்.

நான் மற்ற துணிகளை அள்ளிக்கொண்டிருந்தேன். முதல் தூறல் விழுந்து சாம்பலில் சின்னச் சின்னக் குழிகள் விழுந்தன.

ஐயாறண்ணன் புடவையை ஒழுங்காக மடித்தார். மடித்து ஐயாவிடம் நீட்டினார்.

"ஐயா, நீங்க வெளுத்த புடவை. இந்த வெள்ளேரிக் குறியும் ஒண்ணு அதுல போட்டுக் குடுங்க. பெட்டியில பத்திரமா வச்சுக்கிறேன்."

ஐயா சேங்கொட்டை டப்பாவை எடுக்கவில்லை. புடவையை வாங்கி, மடிப்பைக் கையால் நீவி, அவர் மடியிலேயே திரும்ப வைத்தார்.

"உடுத்துற துணிக்குத்தான் அண்ணே குறி போடுறது" என்றார்.

கழுவிய பெட்டி வாசலில் திறந்து கிடந்தது. அதில் மழை விழுந்துகொண்டிருந்தது. ஐயாறண்ணன் எழுந்து அதை மூடப் போகவில்லை. சாயங்கால பஸ் எத்தனை மணிக்கு என்று என்னைக் கேட்டார்.